கோரிமேடு ஐ.டி.ஐ.யிலிருந்து ஓசூர் பிரேக் கம்பெனி வரை

சேலம் கோரிமேடு அரசு ஐ.டி.ஐ.யில் ரெண்டு வருஷம் ஃபிட்டர் முடித்தபோது எங்களுக்குத் தெரிந்த வழி ரெண்டுதான். ஊருக்குள்ளேயே லேத் பட்டறை, இல்லையென்றால் தொப்பூர் கணவாய் தாண்டி ஓசூர். நான் ஓசூர் பஸ் ஏறினேன், ஒரு வருஷ அப்ரண்டிஸாக.

அப்ரண்டிஸ் என்பது வேலை இல்லை என்று எங்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. வருஷம் முடியும்போது அடுத்த பேட்ச் வந்து நிற்கும். அந்தக் கடைசி மாதத்தில் ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர்கள் கேட் பக்கத்து டீக்கடையில் எங்களைப் பிடித்துக்கொள்வார்கள்: "ரூம் தர்றோம், ஓ.டி. உண்டு, நாளைக்கே ஏ ஷிப்ட் ஏறிக்கலாம்." எங்கள் பேட்சில் பாதிப் பேர் போனார்கள். வீட்டில் கடன் இருப்பவன் வேறென்ன செய்வான்?

நான் அப்ரண்டிஸ் தேர்வு எழுதி சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு சேலம் திரும்பினேன். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தேன். எங்கள் கொண்டலாம்பட்டியில், சம்பாதிக்கப் போன பையன் மறுபடி புத்தகம் தூக்கினால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அப்பாதான், "இன்னும் ரெண்டு வருஷம் தறி ஓடும், நீ போ" என்றார்.

டிப்ளமோ முடிந்து, என்ஜின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நேர்காணல். கேள்வி ஒன்றும் பெரிதாக இல்லை. மேஜையில் ஒரு புஷ் (குழாய் மாதிரி சின்ன உருளைப் பாகம்), 0.02 மி.மீ. வெர்னியர், 0.01 மி.மீ. மைக்ரோமீட்டர். வெளிவிட்டத்தை மூன்று தடவை அளந்து எழுதச் சொன்னார் குவாலிட்டி மேனேஜர். டாலரன்ஸை, அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பைப் பார்த்து மைக்ரோமீட்டரை எடுத்தேன். மூன்று ரீடிங்கும் துளி துளி மாறின. வந்ததை வந்தபடியே எழுதினேன். பார்த்துவிட்டு, "மூணும் ஒண்ணா இருந்திருந்தா உன்னை அனுப்பியிருப்பேன்பா" என்றார். சேர்ந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது. பாகத்தை அளப்பதற்கு முன்னால் அளவையையே சோதிப்பார்கள்: 10 பீஸ், 3 ஆள், ஆளுக்கு 3 தடவை. வித்தியாசம் பாகத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா, அளக்கும் ஆளிடம் இருக்கிறதா என்று அதில் பிரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் நிலைப்பவன் மெஷினை வேகமாக ஓட்டுகிறவன் இல்லை, அந்த பாகம் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்தவன். ஓட்டும் கைக்கு மாற்றுக் கை அடுத்த வாரமே கிடைக்கும். பாகங்கள் வரம்புக்குள் எவ்வளவு நிதானமாக வருகின்றன என்று காட்டும் சி.பி.கே. எண் 1.33-க்குக் கீழே போகும்போது டூல் தேய்கிறதா, கிளாம்ப் தளர்கிறதா என்று சொல்லத் தெரிந்தவனை பி ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போன பிறகும் போன் போட்டுக் கூப்பிடுவார்கள். தூக்கம் கெடும் என்பது வேறு விஷயம்.

2020 ஏப்ரல் 1-இல் வண்டிப் புகைக்கான பி.எஸ்.-6 விதி வந்தது. நான்கிலிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறு. அதற்கு முந்தைய மாதங்களில் மாறிய பாகம் ஒவ்வொன்றுக்கும் பிபாப் ஃபைல் போட வேண்டியிருந்தது: டிராயிங், கன்ட்ரோல் பிளான், எஃப்.எம்.இ.ஏ. (எங்கே, எப்படித் தவறு வரலாம் என்ற பட்டியல்), அளவு ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்குகிற வேலை. புத்தகத்தில் படித்து வராத படிப்பு அங்கேதான் வந்தது. அந்த ஃபைல்களைத் தூக்கித் திரிந்தவர்கள்தான் பின்னால் வேறு கம்பெனிகளுக்கு நல்ல சம்பளத்தில் போனார்கள்.

நானும் போனேன், ஆனால் சம்பளத்துக்காக மட்டும் இல்லை. போச்சம்பள்ளி பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலை எழும்பியதைப் பஸ் ஜன்னலில் பார்த்தவனுக்கு யோசனை வராமல் இருக்குமா? எலெக்ட்ரிக் வண்டியில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, சைலன்சர் இல்லை. ஆனால் எதில் ஓடினாலும் வண்டி நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், பள்ளத்தில் ஆடாமல் போக வேண்டும். பிரேக் பாகம் செய்யும் கம்பெனிக்கு மாறினேன்.

இன்னொன்று, யாரும் பேசாதது: பி.எஃப். கம்பெனி மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துச் செலவு செய்த நண்பர்கள் நிறைய. யு.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண் ஒன்றே இருக்கட்டும், பழைய கணக்கைப் புதிதுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும், பென்ஷன் பணத்தை நடுவில் எடுத்தால் அந்த சர்வீஸ் போய்விடும். கான்ட்ராக்டில் இருந்தால் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பள சிலிப்பில் பிடித்தம் இருப்பது மட்டும் போதாது.

அக்கா பையன் இப்போது அதே கோரிமேட்டில் ஃபிட்டர் இரண்டாம் வருஷம். போன வாரம், "மாமா, எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்றான். டிராயிங் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். "செம போர் மாமா, அட்டெண்டன்ஸுக்குத்தான் போறேன்." கம்பெனி டிராயிங்கை வெளியே கொண்டுவர முடியாது. அதனால் என் பழைய டிப்ளமோ நோட்டை எடுத்துக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். டாலரன்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.