பத்து மணிக்கு இரண்டு மாத்திரை

"இனிமே இங்க வச்சிருந்து பிரயோஜனம் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா பாத்துக்கோங்க" என்றார் டாக்டர். நல்லா பார்த்துக்கொள்வது என்றால் எப்படி என்று மட்டும் அங்கே யாரும் சொல்லவில்லை. கையில் ஒரு ஃபைல், அத்தையின் மூக்கில் ட்யூப், கன்னத்தில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி, இதோடு காரில் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தோம்.

அத்தைக்கு நாற்பது வருஷப் புகையிலைப் பழக்கம். இடது பக்கமே அடக்கிக்கொள்வாள், புற்று வந்ததும் அந்த இடது கன்னத்தில்தான். ஆபரேஷன் ஆகி, கரண்ட் (ரேடியேஷன்) வைத்து, ஒரு வருஷம் நன்றாக இருந்து, அப்புறம் திரும்ப வந்து கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வலியை விடுங்கள், அந்த வாடை. பேரப்பிள்ளைகள் வாசலோடு நின்றுகொண்டார்கள், பார்க்க வந்தவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் கிளம்பினார்கள், அத்தை அதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். நாலைந்து நாளில் யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் நம்பர் கொடுத்தார். ஹாஸ்பிஸ்காரர்கள், குணமாகாத நோயாளிகளை வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறவர்கள், வீட்டுக்கே வருவார்கள், காசு வாங்க மாட்டார்கள் என்றார். மாமாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் கோபம். "சாகக் கெடக்கிறவங்கள கொண்டுபோய் விடுற எடத்துக்கா போன் பண்ணச் சொல்லுத?" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற டாக்டர் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியது கட்டில் போட்ட ஓர் இடமாகத்தான், மும்பையில் 1986இல் வந்த சாந்தி அவேதனா சதனும் அப்படித்தான். ஆனால் கோழிக்கோட்டில் 1993இல் ஆரம்பித்தவர்கள் வேறு மாதிரி யோசித்து, அக்கம்பக்கத்து ஆட்களையே தொண்டர்களாகப் பழக்கி, நோயாளியின் வீட்டையே வார்டாக்கிவிட்டார்கள். எங்களுக்கு வந்தது அந்த வகை. நம்மூரில் இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்த வீட்டுப் பராமரிப்பு உண்டு, கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

முதல் நாள் வந்த சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய்க் கட்டிலில், அத்தையின் தலைமாட்டில், உட்கார்ந்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் கேட்டார். ஒட்டியிருந்த துணியை அந்தத் தண்ணீரால் நனைத்து நனைத்து, கால் மணி நேரம் பொறுமையாக எடுத்தார் (நாங்கள் அதுவரை வறட்டென்று பிய்த்துக்கொண்டிருந்தோம், நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது). அப்புறம் மெட்ரோனிடசோல், வயிற்றுப்போக்குக்குக் கொடுப்போமே அதே மாத்திரைதான், அதை நைஸாகப் பொடித்துப் புண் மேல் தூவி மூடினார். "வாடை கிருமியாலதான்க்கா வருது, தினம் ரெண்டு தடவை இப்படிப் பண்ணுங்க." நாலாம் நாள் சின்னப் பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதினாள். சில ரூபாய் மாத்திரை. இதை ஏன் முன்னாடியே யாரும் சொல்லவில்லை என்கிற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வலிக்கு மார்பின். அந்தப் பெயரைக் கேட்டதும் போதை மருந்தாச்சே என்று பயந்தோம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் ஆஸ்பத்திரிகள்கூட அதை வாங்கி வைக்கப் பயந்த காலம் உண்டு, 2014இல் திருத்திய பிறகுதான் கொஞ்சம் இளகியது. சிஸ்டர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்: காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, ஒவ்வொன்று. ராத்திரி பத்துக்கு மட்டும் இரண்டு, நடுராத்திரியில் எழுப்பாமல் தூங்கட்டும் என்று. வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, வருவதற்கு முன்னால் கொடுப்பது. கூடவே மலம் இளக ஒரு மாத்திரை, இது மறந்தால் அவஸ்தை. மாமா எட்டாவதுதான் படித்தவர், ஆனால் பொடித்து வெந்நீரில் கரைத்து ட்யூப்பில் ஊற்றும் வேலையைக் கடைசிவரை யாரிடமும் கொடுக்கவில்லை.

அளவைக் கூட்டியும் ராத்திரியில் மட்டும் அத்தை முனகினாள். சிஸ்டர் மருந்தை இன்னும் கூட்டாமல், எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, "என்ன ஆச்சி, மனசுல என்ன கெடக்கு?" என்று கேட்டிருக்கிறார். சாண்டர்ஸ் இதைத்தான் முழு வலி என்றாராம், உடம்பு வலிக்குள் கவலையும் பயமும் பணக் கஷ்டமும் கலந்து கிடக்கும் என்று. எங்கள் அத்தைக்குச் சீட்டு. தெருப் பெண்கள் பதினொரு பேரிடம் மாதம் ஐந்நூறு பிடித்துவந்தாள், கணக்கு முழுக்க மண்டைக்குள்ளே, வாயோ பேச வராது. பேத்தியின் நோட்டை வாங்கி, விரல் காட்டியும் கிறுக்கியும் இரண்டு நாளில் அத்தனையையும் எழுத வைத்தார்கள். யார் எடுத்தாச்சு, யாருக்குப் பாக்கி, எல்லாம். கடைசியில் அத்தை என்னைக் கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுத்தாள். அடியில் கோணல்மாணலாக, "எனக்குத் தெரியும்ட்டி". சாதாரணப் புண்தான் என்று இத்தனை மாதம் அவளிடம் நடித்துக்கொண்டிருந்தது நாங்கள்தான். அன்று ராத்திரி அவள் தூங்கினாள், நான்தான் தூங்கவில்லை.

கடைசி வாரம் கஞ்சி இறங்கவில்லை. "பட்டினி போட்டே கொல்லுதீயளா?" என்று சித்தப்பா சத்தம் போட்டார். உடம்பு ஓயும்போது பசியும் ஓய்ந்துவிடும், ஊற்றினால் நெஞ்சுக்குள் போய்த் திணறும் என்று சிஸ்டர் அவரை உட்காரவைத்துச் சொல்லிவிட்டு, ஈரத்துணியைக் கையில் கொடுத்து உதட்டை நனைக்கச் சொன்னார். சித்தப்பா இரண்டு நாளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கடைசி ராத்திரி தொண்டையில் கர்ர் என்று சத்தம். சிஸ்டருக்குப் போன் பண்ணினோம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கேட்கிற உங்களுக்குத்தான் கஷ்டம், ஆச்சிக்குத் தெரியாது என்றார். விடிய நாலரைக்கு முடிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் நாங்கள் ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்திருப்போம்.

பதினாறு முடிந்து சிஸ்டர் வந்தார். மிச்ச மார்பினை எண்ணி, நோட்டில் எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். "நீங்க தூங்குதீயளா மாமா, சாப்பிடுதீயளா?" அது வரைக்கும் மாமாவை யாரும் அப்படிக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய், கழுவிக் காயப்போட்டிருந்த ஏர் பெட்டைச் சுருட்டிக் கொண்டுவந்தார், இரவல் கொடுத்தது அது. கயத்தாறு பக்கம் ஒரு வீட்டில் இன்றைக்கே வேண்டுமாம். மோட்டார் ஓடும்போது கொஞ்சம் உறுமும், அடியில் ஒரு துணி மடித்துப் போடச் சொல்லுங்கள் என்று ஆட்டோ கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.