ஹவாய்க் கடலில் குழுவாகக் கயாக் ஓட்டுபவர்களுக்கு

ஹவாயில் ஒரு கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) கிளப் இந்த வாரம் எங்கே போகலாம் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. கோடையில் அது ஓய்வதே அபூர்வம். மணிக்கு 20 கி.மீ. வரை என்றால் புதியவர்களையும் கூட்டிப் போகலாம். 30-ஐத் தொட்டால் பழகியவர்கள் மட்டும். சிறு படகுகளுக்கான எச்சரிக்கையை வானிலைத் துறை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அதில் வாக்கெடுப்பு வேண்டாம்.

ஓவாஹு தீவில் புதியவர்கள் பெரும்பாலும் தப்புக்கணக்குப் போடுவது மேற்குக் கரையில். வாயனாய்ப் பக்கம் மலைத்தொடர் காற்றை மறைப்பதால் கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். சில நூறு மீட்டர் உள்ளே போனதும், பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கி வரும் காற்று முதுகில் பிடித்துக் கடலுக்குள் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும், திரும்பினால்தான் தெரியும். அதற்கப்பால் பசிபிக் பெருங்கடல்தான். கிழக்கே கைலுவாவில் நிலைமை நேரெதிர். அலை சலசலப்பாகத் தெரிந்தாலும் காற்று கரையை நோக்கி வீசுவதால், துடுப்பைத் தவறவிட்டவர்கூடக் கரைப்பக்கமே ஒதுங்குவார். அதனால் முதல் பயணத்துக்குக் கைலுவாவே நல்லது. மேற்கில் ஓட்டினால் கரையை ஒட்டியே ஓட்டுங்கள்.

கைலுவா கடற்கரைப் பூங்காவிலிருந்து மொக்குலுவா தீவுகளுக்குச் சுமார் 3 கி.மீ. இரண்டில் பெரியதான மொக்கு நுயியில் மட்டுமே இறங்கலாம். மொக்கு இகியில் கால் வைக்கவே தடை. இரண்டுமே கடற்பறவைச் சரணாலயம். மொக்கு நுயியின் மண்ணில் பறவைகள் வளை தோண்டி முட்டையிடுகின்றன. பாதையை விட்டு நடந்தால் வளை இடிந்து உள்ளிருக்கும் குஞ்சு நசுங்கிவிடும். இதைப் புறப்படும் முன்பே ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட வேண்டும். தீவில் இறங்கியதும் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

போகும்போது காற்று இடது முன்பக்கத்திலிருந்து வரும். கயாக்கின் மூக்கு காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கும். அதை அடக்க இடது பக்கம் மட்டும் ஓங்கி வலித்தால் தோள் சீக்கிரம் சோர்ந்துவிடும். சுக்கான் இருந்தால் இறக்குங்கள், இல்லையென்றால் இடது வீச்சை அகலமாக, வில்போல வளைத்து வலியுங்கள். கடினமான பாதி முதலில் முடிந்துவிடுவதுதான் இந்த வழியின் சிறப்பு. திரும்பும்போது காற்று உதவிக்கு வரும்.

மொக்கு நுயியின் சிறு மணல்கரையில் இறங்குவதுதான் இந்தப் பயணத்தின் சிக்கலான இடம். அலை தீவின் இரு பக்கமும் சுற்றி வந்து மணலுக்கு முன்னே ஒன்றையொன்று வெட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கரைக்குப் பாய்ந்தால் ஒருவர் படகு இன்னொருவர் முதுகில் மோதும். அலை உடையும் இடத்துக்கு வெளியே குழு காத்திருக்கட்டும். வழிகாட்டி முதலில் இறங்கி நின்று கையசைத்த பிறகு ஒவ்வொருவராக வாருங்கள். பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வந்து பிறகு ஓயும். அந்த ஓய்வில், கடைசி அலையின் முதுகில் ஏறி வாருங்கள். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அலை வரும் பக்கம் சாயுங்கள். கரைப்பக்கம் சாய்ந்தால் நிச்சயம் கவிழும். தண்ணீரில் இறங்கிய பின் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்கவே கூடாது. தண்ணீர் புகுந்த கயாக்கை ஒரு சிறு அலை தள்ளினாலே கால் முறியும்.

குழுவில் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னவரை யாரும் முந்தக் கூடாது, கடைசியவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. ஆகவே மெதுவாக ஓட்டுபவரை முன்னவருக்கு அடுத்து வையுங்கள். பின்னால் விட்டால், அவர் வந்து சேரும் நேரத்தில் ஓய்வெடுத்து முடித்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. சைகைகளைக் கரையிலேயே பேசி முடிவு செய்யுங்கள்: துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் வா, தலைக்கு மேல் படுக்கைவாட்டில் பிடித்தால் நில், இப்படியும் அப்படியும் ஆட்டினால் உதவி தேவை. விசில் எல்லோர் லைஃப் ஜாக்கெட்டிலும் தொங்கட்டும். காற்றில் கத்துவது பத்தடிக்கு மேல் கேட்காது. கடைசியவரிடம் 15 மீட்டர் இழுவைக் கயிறும், ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய இடுப்புப் பட்டையும், கடல் வானொலியும் இருக்க வேண்டும். அவசர அலைவரிசை 16.

மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக் கவிழ்ந்தால் முதலில் துடுப்பைப் பிடியுங்கள், பிறகு படகை. அடிப்பக்கத்தின் மேல் கையை நீட்டி மறுபக்க விளிம்பைப் பற்றி இழுத்தால் நிமிரும். காலை உதைத்து வயிற்றில் விழுங்கள், மல்லாந்து திரும்பி உட்காருங்கள், கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். மண்டியிட்டு ஏறப் பார்ப்பவர்கள் மறுபடி மறுபடி விழுகிறார்கள். இதைக் கைலுவாவின் ஆழமில்லாத தண்ணீரில் ஒவ்வொருவரும் செய்து காட்டிய பிறகே தீவுப் பக்கம் போவது நல்லது. வழக்கத்தைவிடப் படகு தள்ளாடினால் ஓட்டுபவரைக் குறை சொல்லாதீர்கள். பின்பக்க வடிகால் மூடி இறுகாமல் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கலாம்.

காற்று அதிகமான நாளில் கனேயோஹே விரிகுடா கைகொடுக்கும். வெளியே உள்ள பவளத்திட்டு பெரிய அலைகளைத் தடுத்துவிடும். நீர் வற்றிய நேரத்தில் உள்ளே இருக்கும் திட்டுகளில் அடிப்பாகம் உரசும். படகும் கீறும், பவளமும் உடையும். பழுப்பு நிறம் தெரிந்தால் விலகிச் செல்லுங்கள். மொக்காப்பு முனையிலுள்ள அமெரிக்க மரைன் படைத் தளத்திலிருந்து 500 கெஜம் தள்ளியே போக வேண்டும்.

ஸ்பின்னர் டால்பின்களை 50 கெஜத்துக்குள் நெருங்குவது 2021 முதல் சட்டப்படி குற்றம். இரவெல்லாம் இரை தேடிவிட்டு அவை பகலில்தான் உறங்கும். குளிர்காலத்தில் வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்கு 100 கெஜம். தெற்குக் கரையில் இறங்குவதானால் நாட்காட்டியையும் பாருங்கள்: பௌர்ணமி கழிந்து 8 முதல் 10 நாட்களில் பெட்டி ஜெல்லிமீன்கள் கரையொதுங்கும். ஒரு சிறு பாட்டில் வினிகரை முதலுதவிப் பெட்டியில் வைத்திருங்கள்.