தலையில அடிபட்டப்புறம் இட்லி சுடக் கத்துக்கிட்ட கதை - 14வது ஞாயிறு

இன்னைக்குத்தான் மொத தடவையா அரிசி ஊறப்போட்டதுல இருந்து இட்லி எறக்குனது வரைக்கும் நானே செஞ்சேன், இப்பவே எழுதி வெக்கலீன்னா புதன்கெழமைக்குள்ள மறந்துரும், சும்மா சொல்லலீங்க நெஜமாவே மறந்துரும்.

புதுசா படிக்கறவங்களுக்கு: ரெண்டு வருசம் முன்னாடி ராத்திரி வேலை முடிஞ்சு வரப்ப மண்ணுல வண்டி சறுக்கிருச்சு, ஹெல்மெட் இருந்துச்சு ஆனா பட்டை மாட்டல, அது தனியா போயிருச்சு நான் தனியா போயிட்டேன். மூளையில ரத்தக்கட்டு, வீக்கத்துக்கு எடம் வேணும்னு மண்டையோட்டுல ஒரு துண்டைக் கழட்டி என் வயித்துலயே தைச்சு வெச்சிருந்தாங்க, மூணு மாசம் கழிச்சுத்தான் திருப்பி வெச்சாங்க. அம்மணிக்கு அப்ப 7 வயசு, கிளாஸ் பூரா "எங்கப்பா வயித்துல மண்டை இருக்கு"ன்னு சொல்லிட்டா.

அடி நெத்திப் பக்கம். எத மொதல்ல செய்யணும் எத அப்புறம் செய்யணும்னு அடுக்கறதும் கோவத்தப் புடிச்சு வெக்கறதும் அந்தப் பக்கம்தானாம், ரெண்டும் போச்சு. வேலைக்குத் திரும்பிப் போய்ப் பாத்தேன், ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுனா எக்செல் ஷீட்டு வெறும் கட்டமாத்தான் தெரிஞ்சுது. விட்டாச்சு. வண்டி வித்தாச்சு. இப்ப வீட்டம்மா சம்பளம்தான், ஞாயித்துக்கெழம காலை டிபன் மட்டும் என் பொறுப்பு.

அளவு 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அதுல ஒண்ணும் கஷ்டமில்ல, வரிசைதான் கஷ்டம். மூணாவது வாரம் உப்ப ரெண்டு தடவ போட்டேன். இப்ப அம்மணி எழுதுன சீட்டு செவுத்துல ஒட்டியிருக்கு, செய்ய செய்ய டிக் அடிக்கணும்.

அடுத்தது மூக்கு. மூக்குல இருந்து மூளைக்குப் போற நரம்பு எலும்புல இருக்கற சல்லடை மாதிரி ஓட்டை வழியாத்தான் போகுதாம், தலை குலுங்குனதுல அறுந்துருச்சு. நாக்குல புளிப்பு உப்பு தெரியுது, வாசம் சுத்தமா இல்ல. அதனால மாவு பொங்குதான்னு பாத்திரத்துல ரப்பர் பேண்டு மாட்டி வெச்சுப் பாக்கறேன். உளுந்துப் பதத்துக்கு ஒரு சொட்டு தண்ணியில விட்டா மெதக்கணும். கேஸ் கசிஞ்சாலும் எனக்குத் தெரியாது (கேஸுக்குன்னு வாசமே கெடையாதாம், நமக்குத் தெரியணும்னு ஒரு நாத்த மருந்து கலக்கறாங்க), அதுக்கு அலாரம் வாங்கி மாட்டியாச்சு.

அஞ்சாவது வாரம் இட்லிச் சட்டியில தண்ணி வத்தி அடி கருகிப் போச்சு, பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன், தெரியல. அம்மாதான் ஒத்த ரூவாக் காச எடுத்துச் சட்டிக்குள்ள போட்டுச்சு, "சத்தம் நின்னா தண்ணி தீந்துருச்சுன்னு அர்த்தம் சாமி". டக டக டகன்னு ஆடிட்டே இருக்கும். டாக்டருங்க சொன்ன எல்லாத்தையும் விட இது உருப்படியான வைத்தியம்.

ஆறாவது வாரத்தப் பத்தி எழுத வேண்டாம்னு நெனச்சேன். கிரைண்டர் ஓடிட்டிருக்கு, அம்மணி வந்து என்னமோ கேட்டா, நான் கத்துன கத்துல கரண்டிய கீழ போட்டுட்டு ஓடிட்டா, அன்னைக்குப் பூரா பேசல. அதுக்கப்புறம் ஒரு ஏற்பாடு. எனக்கு முடியலீன்னா "பேட்டரி"ன்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லிட்டு ரூமுக்குப் போய் லைட்ட அணைச்சுப் படுத்துக்குவேன், யாரும் பின்னாடி வரக்கூடாது. இப்பெல்லாம் எனக்கு முன்னாடி அவளே கண்டுபுடிச்சு "அப்பா, பேட்டரி"ங்கறா. பல நாள் அவ சொல்றதுதான் சரி.

சொந்தக்காரங்க வந்தா "சீக்கிரம் பழையபடி ஆயிருவீங்க"ம்பாங்க. போன வாரம் அவங்க போனப்புறம் வீட்டம்மா சொல்றா, "பழையபடி ஆனா ஞாயித்துக்கெழமயும் போனும் கையுமா வெளிய கெளம்பிருவீங்க, வேண்டாம் விடுங்க". சிரிக்கறதா கோவப்படறதான்னு தெரியல, தட்டக் கழுவிட்டேன்.

இன்னைக்கு 22 இட்லி. கொஞ்சம் கெட்டி, உளுந்துக்குத் தண்ணி பத்தல. அம்மா மூணு சாப்ட்டுட்டு உப்பு கம்மின்னுச்சு, சீட்டுல பாத்தா உப்புக்கு டிக் இருக்கு. அடுத்த வாரம் சட்னி, மிக்சி சத்தம் எனக்கு ஆகாது, அதனால பின்னாடி கெடந்த அம்மிக்கல்லத் தேய்ச்சுக் கழுவி வெச்சிருக்கேன்.