சின்ன விமானம், பெரிய ஆசை: உள்ளலங்கார நாட்குறிப்பு

மார்ச் 4

பழைய பிலாட்டஸ் பிசி-12 ரகச் சின்ன விமானம் ஒன்றின் கேபினை, அதாவது பயணிகள் உட்காரும் பகுதியை, புதுப்பிக்கும் வேலை வந்திருக்கிறது. உரிமையாளருக்குக் கரும்பழுப்பு மரமும் கனத்த தோல் இருக்கைகளும் வேண்டுமாம். உள்ளே உயரம் 1.47 மீட்டர், அகலம் 1.52 மீட்டர்தான். யாரும் நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில் தலைக்கு மேல் கரும்பழுப்பு மரம் வந்தால், பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருக்கும். “கீழே அடர் நிறம், மேலே போகப் போக வெளிர் நிறம், மரத்தை மேசையோடு நிறுத்திக்கொள்வோம் சார்” என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

மார்ச் 9

மாதிரித் துண்டுகளோடு விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்தோம். கடையில் தேன் நிறமாக இருந்த தோல், கேபின் எல்இடி வெளிச்சத்தில் சாம்பல் கலந்து தெரிந்தது. அதையே ஜன்னலோரம் பிடித்தால் ஆரஞ்சு அடித்தது. மேகத்துக்கு மேலே வெயில் இன்னும் கடுமையாக இருக்கும். பளபளப்பு வார்னிஷ் அடித்த மரத்துண்டு ஜன்னல் வெளிச்சத்தை நேராக அவர் கண்ணிலேயே வீசியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சரி, பளபளப்பு வேண்டாம்” என்றார். எனக்கு ரொம்ப நிம்மதி.

மார்ச் 16

அவர் மனைவிக்குப் பிடித்தது ஒரு பருத்தித் துணி. தொட்டால் அவ்வளவு இதம், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பருத்தி சட்டென்று தீப்பிடிக்கும். விமானத்துக்குள் போடும் துணிகளுக்கான எரிப்புச் சோதனையில் துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் 12 விநாடி சுடர் காட்டுவார்கள். சுடரை எடுத்த பிறகு சராசரியாக 15 விநாடிக்குள் அணைய வேண்டும்; எரிந்த நீளம் 20 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. துணி தனியாகத் தேறினால் போதாது. அடியில் வரும் பசையும் நுரையும் சேரும்போது எரியும் விதமே மாறிவிடும். கம்பளி இயல்பிலேயே எளிதில் பற்றாது. அதே நிறச் சாயலில் கம்பளித் துணி ஒன்றைக் காட்டினேன். அந்த அம்மா நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மார்ச் 17

இருக்கை நுரையைத் தடிமனாக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மோதலில் உடம்பைக் காக்கும் வகையில் சோதித்து ஒப்புதல் பெற்ற இருக்கை அது. நம் இஷ்டத்துக்கு நுரையை மாற்றக் கூடாது.

மார்ச் 23

இன்றைக்கு முழுக்க எடைக் கணக்கு. மேசைக்கு முழு மரப்பலகை கிடையாது. தேன்கூட்டு அமைப்புள்ள இலேசான பலகைமேல் வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டப்போகிறோம். பார்வைக்கு முழு மரம்தான். உள்ளே கூடும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளிலோ பயணப் பெட்டிகளிலோ கழியும். வேலை முடிந்ததும் விமானத்தை மறுபடி எடை போட்டு ஈர்ப்பு மையத்தையும், அதாவது மொத்த எடையும் சமநிலைப்படும் புள்ளியையும், கணக்கிட வேண்டும்.

அப்புறம், பக்கச்சுவர்ப் பலகைகளைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள் என்றார் மெக்கானிக். நியாயம்தான், பின்னால் வயர்கள் ஓடுகின்றன. திருகுகள் தெரியட்டும், அதில் அசிங்கம் எதுவும் இல்லை.

மார்ச் 29

முடிவாகிவிட்டது. கூரை தந்த நிறம், இருக்கை மணல் நிறத் தோல், பக்கச்சுவரின் கீழ்ப்பாதியில் கம்பளி, தரையில் கருநீலக் கார்பெட். தையலும் கருநீலம். தோல்கள் எல்லாம் ஒரே சாயத் தொகுதியில் வர வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். பின்னாளில் ஒட்டுப்போட ஒன்று கூடுதலாகவும், அதற்கும் எரிப்புச் சோதனைச் சான்றிதழோடு.