இறந்தவர் விட்டுச்சென்ற மோதிரம் தொலைந்தால்

மோதிரம் சிங்க்கில் விழுந்ததென்றால் முதலில் குழாயை மூடுங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், சோப்பு வழுக்கும். கை கழுவும்போது மோதிரம் கழல்வது அதனால்தான். சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாய் இருந்தால், மேலே தண்ணீர் விடாதவரை மோதிரம் அந்த வளைவிலேயே கிடக்க வாய்ப்பு அதிகம். கீழே வாளி வைத்து, இரண்டு பக்க நட்டுகளையும் கழற்றி, வளைவை அதில் கவிழ்த்துப் பாருங்கள். வாளியில் விழுந்ததை வடிகட்டாமல் எங்கும் கொட்டிவிடாதீர்கள். பதற்றத்தில் கொட்டிவிட்டவர்கள் உண்டு.

அறைக்குள் என்றால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவையுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் சின்னப் பொருளுக்கும் நீளமான நிழல் விழும், உலோகம் மினுங்கும். தரையைக் கட்டங்களாகப் பிரித்து, பார்த்து முடித்ததைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காவிட்டால் 'இங்கேதான் இருந்திருக்கணும்' என்று மனம் சொல்கிற ஒரே மூலையைப் பத்து முறை தேடுவோம். கையுறையின் விரல்கள், போர்வை உறையின் உள்மூலை, கார் சீட்டுக்கும் அது நகரும் கம்பிக்கும் நடுவிலுள்ள இடுக்கு, வேக்குவம் கிளீனரின் பை எல்லாம் பட்டியலில் சேரட்டும். வெளியே தொலைத்திருந்தால் அறிவிப்பில் ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் விடுங்கள். உள்பக்கம் பொறித்த எழுத்து அதற்குப் பொருத்தம். கொண்டுவருபவரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம்.

தேடலுக்கு ஒரு கடைசி நாள் வையுங்கள், இரண்டு வாரம் போதும். அதற்குப் பிறகு கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளலாம், தேடிப் போக வேண்டாம். முடிவில்லாத தேடல் துக்கத்தைத் தொடங்கவே விடாது.

இனிமேல்தான் கடினம். 'ஒரு மோதிரம்தானே' என்பார்கள். பிறர் துக்கமென்று ஏற்றுக்கொள்ளாத இப்படிப்பட்ட துக்கத்துக்குத் தனிப் பெயரே வைத்து 1989-இல் எழுதினார் துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோகா. அம்மா இறந்தபோது வராத அழுகை மோதிரம் போனபோது வரலாம். மோதிரம் விரலில் இருந்தவரை அவரோடு ஒரு தொடர்பு மிச்சமிருந்தது. அதுவும் அறுந்ததுபோல் இருக்கும். கூடவே குற்ற உணர்வும் வரும். சாவுக்கு நாம் காரணமில்லை, ஆனால் தொலைத்தது நாம்தானே என்று.

நினைவு மழுங்குவதற்குள் மோதிரத்தைப் பற்றி எழுதிவிடுங்கள். 'அழகான மோதிரம்' என்றெழுதினால் ஒன்றும் மிஞ்சாது. எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது, கீறல் எங்கே, அவர் அதை எப்போது சுழற்றுவார், எதற்காகக் கழற்றுவார் என்று எழுதுங்கள். பழைய படங்களில் அவர் கை தெரிவதை மட்டும் பெரிதாக்கி வெட்டிவையுங்கள். மோதிரம் தெளிவாகத் தெரியாவிட்டாலும் கை தெரியும்.

அதே மாதிரி இன்னொன்று செய்துகொள்ள அவசரப்படாதீர்கள். முதல் வாரங்களில் வாங்கும் நகல், 'இது அது இல்லை' என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்காட்டும். மோதிரம் உங்களுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். பதற்றத்தில் தொட்டுக்கொள்ள உதவியதென்றால், அவர் பயன்படுத்திய ஒரு பேனாவோ சாவியோ கையில் இருக்கட்டும். அலமாரியில் பூட்டாமல் தினமும் புழங்குங்கள். அதுவும் தொலையலாம்தான், அதனால் முதலிலேயே படமெடுத்து வையுங்கள்.

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் என்ற கணக்கை வைத்து உங்களை அளக்க வேண்டாம். மனநல மருத்துவர் குப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபேயும் ஷூட்டும் 1999-இல் சொன்னது நடைமுறைக்கு நெருக்கம்: இழப்பின் பக்கம் கொஞ்சம், அன்றாட வேலையின் பக்கம் கொஞ்சம் என்று மனம் போய்வந்துகொண்டே இருக்கும். திங்கள் சிரித்துவிட்டுச் செவ்வாய் உடைந்துபோனால் பின்னடைவு என்று எண்ண வேண்டியதில்லை.

அவர் இறந்து ஆறு மாதம் தாண்டியும் வேலை, உறவு எதிலும் கால் ஊன்ற முடியாதபடி அந்த ஏக்கம் நாளெல்லாம் அழுத்தினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மோதிரம் தொலைந்ததைச் சொல்லியே பேச்சைத் தொடங்கலாம்.