உருக்குவது சுலபம், ஆறவைப்பதுதான் வேலை

வீட்டிலேயே சாக்லேட் பார் செய்து விற்பதுதான் என் தொழில். கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் கேட்பது, 'எப்படி உருக்குவது?' என்றுதான். அதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, அடி தண்ணீரில் படாமல், மெல்லிய தீயில் கிளறினால் உருகிவிடும். ஈரத்துக்கு மட்டும் பயப்பட வேண்டும். கரண்டியில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், சர்க்கரைத் துகள்கள் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் கட்டிதட்டிப் போகும். அதை பாராக ஊற்ற முடியாது. சூடான க்ரீம் சேர்த்து கனாஷ் என்ற மென்மையான க்ரீம் கலவை ஆக்கிவிடலாம்.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான். சாக்லேட்டிலுள்ள கொழுப்பான கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது வகை அமைந்தால்தான் பளபளப்பு, 'டக்'கென்று உடையும் தன்மை எல்லாம் வரும். அது உருகுவது சுமார் 34 டிகிரியில், அதாவது உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே. கையில் நின்று வாயில் கரைவது அதனால்தான். உருகியதை அப்படியே அச்சில் ஊற்றினால் இந்தப் படிகம் ஒழுங்காக அமையாது. டார்க் சாக்லேட் என்றால் 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்ற வேண்டும். இதைத்தான் டெம்பரிங் என்கிறோம். நான் மூன்றில் ஒரு பங்கை உருக்காமல் எடுத்து வைத்து, பொடியாக நறுக்கிச் சூடானதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுவேன். அதிலுள்ள நல்ல படிகங்கள் மற்றதற்கு வழிகாட்டிவிடும். தெர்மாமீட்டர் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்காதீர்கள்.

தெர்மாமீட்டர் சொன்னாலும் கத்தி முனையை ஒருமுறை முக்கி எடுத்து வைத்துப் பார்ப்பேன். அறை 20 டிகிரி வாக்கில் இருந்தால் சில நிமிடங்களில் ஒரே சீராகப் பளபளவென்று இறுக வேண்டும். வரிவரியாகத் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஊற்றியதும் அச்சை மேசையில் தட்டினால் காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடையும். கண்ணாடி போன்ற அச்சைத் திருப்பிப் பார்த்தால், முதலில் ஈரமாக ஒட்டியதுபோல் இருக்கும் அடிப்பக்கம், சாக்லேட் சுருங்கச் சுருங்க ஓரத்திலிருந்து வெளிறிக்கொண்டே வரும். முழுக்க வெளிறிய பிறகு கவிழ்த்தால் போதும், தானாக விழும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

காம்பவுண்ட் சாக்லேட்டில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. உருக்கி ஊற்றினால் சரி. குழந்தைகளுக்குப் பொம்மை வடிவில் செய்ய அது போதும், நல்ல பாருக்கு நான் தொடமாட்டேன். இரண்டையும் கலக்கவும் கூடாது. கொழுப்புகள் ஒத்துப்போகாமல் பார் கொழகொழத்துவிடும்.

'வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறதே' என்று வாங்கியவர்கள் போன் செய்வதுண்டு. பெரும்பாலும் அது பூஞ்சை அல்ல. விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்வேன். வழுவழுவென்று மறைந்தால் சூடு பட்டுக் கொழுப்பு மேலே வந்திருக்கிறது. நறநறவென்றிருந்தால் ஃப்ரிட்ஜில் ஈரம் கோத்துச் சர்க்கரை வெளியே வந்திருக்கிறது. இரண்டையுமே சாப்பிடலாம். பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் சூடான பாலில் போட்டுக் கலக்கிக் குடித்துவிடுங்கள்.