சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

பழைய காரை நிறுத்தி எடுத்த இடத்தில் ஆயில் திட்டு தெரிந்தால், பழி முதலில் சம்ப் (ஆயில் தேங்கும் தொட்டி) பேக்கிங் மேல்தான் விழும். சம்ப் எஞ்சினின் அடியில் இருப்பதால், மேலே எங்கே கசிந்தாலும் அங்கே இறங்கித்தான் சொட்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக மேலே, எது மிக முன்னால் என்று பாருங்கள்.

எஞ்சின் ஆறியதும் டீகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டையும் பாலித்தீன் கொண்டு மூடிவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவி, 10 முதல் 15 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுத்த கோடு இறங்கியிருக்கும். அதன் மேல்நுனியில்தான் கசிவு. அடியில் படுத்துப் பார்ப்பதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

சுலபமானவற்றை முதலில் பாருங்கள். ஆயில் ஃபில்டரை மாற்றியபோது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது வளையம் உட்கார்ந்திருக்கலாம். டிரெயின் பிளக்கின் வாஷர் நசுங்கியிருக்கலாம். ஆயில் பிரஷர் சுவிட்சின் வயர் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் நின்றால் சுவிட்ச் போய்விட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எந்த பேக்கிங்கையும் வாங்கும் முன் பிசிவி வால்வைச் சோதியுங்கள். இதைத் தவறவிடுவதால்தான் புது சீல் போட்ட வண்டியும் சில மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுழலும் கீழ்க்கூடு) வரும் வாயு இந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். வால்வோ குழாயோ கரி பிடித்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஐடிலில் வால்வை டேப்பட் கவரிலிருந்து (எஞ்சின் ஹெட்டை மேலே மூடும் கவர்) உருவி நுனியில் விரலை வைத்தால் உறிஞ்சல் தெரிய வேண்டும். கழற்றிக் குலுக்கினால் பெரும்பாலான வால்வுகளில் கடகடவென்ற சத்தம் வரும். வராவிட்டால் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வால்வும் குழாயும் சரியாக இருந்தும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது சீலுக்குச் செலவழிப்பது வீண்.

பழைய எஞ்சினில் அதிகம் கசிவது டேப்பட் கவர் பேக்கிங். சூட்டில் வெந்த ரப்பர், கழற்றும்போது அப்பளம் மாதிரி முறியும். போல்ட்டை மேலும் இறுக்கினால் தகட்டுக் கவர் வளைந்து கசிவு கூடுமே தவிர நிற்காது. கவரைத் தட்டையான பரப்பில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் நிமிர்த்த வேண்டும். ஹெட்டின் விளிம்பைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து, பிரேக் கிளீனரால் துடையுங்கள். டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகளில் மட்டும் சிலிக்கான் சீலண்ட் ஒரு பொட்டு. சுற்றிலும் அப்பினால் உள்பக்கம் பிதுங்கும் துண்டு உதிர்ந்து சம்ப் ஸ்ட்ரெய்னரை (ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடை) அடைத்துவிடும். ஆயில் பம்ப் பட்டினி கிடந்தால் பேரிங் போய்விடும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் பொதுவாகப் போதும், உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டினால் உடனே கியர்பாக்ஸை இறக்கிவிட வேண்டாம். டேப்பட் கவரின் பின்மூலையில் கசிவதும் அதே வழியில் வந்து கிராங்க் பின்சீல் (கிராங்க்கின் பின்முனையில் இருக்கும் சீல்) கசிவு போலவே தோன்றும். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில், சீலும் வேறு. பின்சீல்தான் என்று உறுதியானால், பழைய சீலை எடுத்ததும் கிராங்க்கை நகத்தால் வருடிப் பாருங்கள். சீல் உதடு உரசிய இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால், கூட்டில் இடம் இருந்தால் புது சீலை 1 அல்லது 2 மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். இல்லையேல் ரிப்பேர் ஸ்லீவ் போட வேண்டும்.